மாநிலங்கள் கூடினால்

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கலும் கழிந்தபின் பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். மாலதியின் முழங்கால் மட்டும் குளிர் வந்தால் மக்கர் செய்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனுவோடு வந்து நின்றார். அமெரிக்க அரசியல் சட்டத்தைத் திருத்த மாநிலங்களின் மாநாடு கூட வேண்டுமாம். எங்கள் பென்சில்வேனியா சட்டமன்றமும் அதற்குத் தீர்மானம் போட வேண்டுமாம். உடனே உன் ஞாபகம்தான். மாநில உரிமைகள் பற்றிய ராஜமன்னார் குழு அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுதி முழுக்க சுயாட்சி பேசியவன் ஆயிற்றே! வார்டன் உன்னை "முதலமைச்சரே" என்று கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

உன் கனவு இங்கே சட்டத்திலேயே இருக்கிறதடா. நம்மூரில் 368-ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றம்தான் திருத்தத்தைத் தொடங்க முடியும். இங்கே ஐந்தாம் பிரிவு இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: 50 மாநிலங்களில் 34 கேட்டால் காங்கிரஸ், அதாவது இங்கத்து நாடாளுமன்றம், மாநிலங்களின் மாநாட்டைக் கூட்டியே ஆக வேண்டும். 1787-இல் அரசியல் சட்டம் எழுதக் கூடியபோது வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜார்ஜ் மேசன் வாதாடி வாங்கியது. மத்திய அரசே அடக்குமுறையில் இறங்கினால், திருத்தும் வேலையை அதனிடமே விடுவதா என்பதுதான் அவருடைய கவலை. நீ பேசுகிற மாதிரியே இல்லை?

ஆனால் அந்த மாநாடு இன்றுவரை ஒருமுறைகூடக் கூடவில்லை. 27 திருத்தங்களும் காங்கிரஸ் முன்மொழிந்தவைதான். மத்திய அரசு வரவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று 1983 வாக்கில் 32 மாநிலங்கள் மாநாடு கேட்டுவிட்டன. இன்னும் இரண்டு வந்திருந்தால் போதும்! அத்தோடு நின்றது. 1988-இல் அலபாமாவும் ஃப்ளோரிடாவும் கோரிக்கையையே வாபஸ் வாங்கிக்கொண்டன. கூடியவர்கள் அந்த ஒரு விஷயத்தோடு எழுந்து போவார்களா என்ற பயம்.

எனக்கும் அதே பயம்தான். யார் யார் பிரதிநிதி, மாநிலத்துக்கு ஒரு ஓட்டா, மக்கள்தொகைக்குத் தக்கபடியா, எதுவும் அந்தப் பிரிவில் கிடையாது. ஒரு ஓட்டுதான் என்றால் மக்கள்தொகையில் கடைசியான வயோமிங்கும் முதலான கலிபோர்னியாவும் சமம். ஊரிலிருந்து வருகிறவர்களையெல்லாம் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு செங்கல் மண்டபத்துக்குக் கூட்டிப்போவேனே, அங்கே 1787-இல் கூடியவர்கள் பழைய சட்டத்தைத் திருத்தத்தான் வந்தார்கள். புதுசையே எழுதிவிட்டுப் போனார்கள். அப்போதிருந்த 13 மாநிலமும் ஒப்ப வேண்டும் என்பது பழைய விதி. இவர்களோ 9 போதும் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள்!

பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார். "38 மாநிலம் ஒப்பாமல் எதுவும் சட்டமாகாது, 13 எதிர்த்தால் போச்சு, அப்புறம் என்ன பயம்?" என்கிறார். நியாயமான கேள்விதான். இதை வலதுசாரிப் பைத்தியம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2023-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக, இடதுபக்கம் சாய்ந்த கலிபோர்னியாவும் இதே மாநாட்டைத்தான் கேட்டது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஞாயிறு திரும்ப வருவார். நீ சொல்லு, சேகர், விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நம்மூரில் இந்தக் கதவு திறந்தால், எல்லாச் சட்டமன்றங்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து அம்பேத்கர் குழு எழுதியதைப் பிரித்துப்போடச் சம்மதிப்பாயா? எண்ணிக்கையில் நாம் எந்தப் பக்கம் இருப்போம் என்பதையும் கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லு.

கடிதம் வேண்டாம், ஞாயிற்றுக்குள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பு. பாலுவுக்கு மட்டும் இதை ஃபார்வர்ட் பண்ணித் தொலைக்காதே.

உன்,
ரகு