பழஞ்சேலைப் போர்வை: ஞாயிறு மாலை வாருங்கள்

தோழிகளே, வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் போர்வை தைக்க உட்காருகிறோம். காலையில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நல்ல பருத்தித் துணி கிடைத்தால் வாங்கி வையுங்கள். ஆனால் புதுத் துணியை அலசிக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் தைத்த பின் சுருங்கும். அதனால் இந்த வாரம் பழைய சேலைதான். பல தடவை துவைத்த துணியில் ஊசியும் சுலபமாக இறங்கும்.

போன தடவை என் போர்வையில் சுருக்கம் விழுந்துவிட்டது. ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்ததுதான் காரணம். இந்த முறை மேலே துண்டுகளை இணைத்த ஒட்டுத்துணி, நடுவில் பழைய வேட்டி, அடியில் சேலை என்று மூன்றையும் விரித்து, அவை நகராமல் இருக்க நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தற்காலிகமாக நூலோட்டிக்கொள்வோம். அப்புறம் ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுக்கும் ஓட்டுத் தையல். துண்டு வெட்டும்போது தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விடுங்கள்.

அம்மாவின் சுங்குடிச் சேலையை வெட்ட மனம் வராமல் பத்து வருடம் பீரோவிலேயே வைத்திருந்தேன். நீங்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்ததால்தான் போன மாதம் கத்தரி வைத்தேன். இப்போது தினமும் அதைப் போர்த்திக்கொண்டுதான் என் பேத்தி தூங்குகிறாள்.

ஊசியும் கத்தரிக்கோலும் கொண்டு வாருங்கள். நூல் என்னிடம் இருக்கிறது. சுண்டலும் டீயும் உண்டு. வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.