உணவுப் பட்டியலுக்கு முன்னால் வாயைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் உணவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புரதம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, எந்த வேளைக்கு என்ன என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அதெல்லாம் உள்ளே போக வேண்டிய வாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வயதானவர் தட்டை ஒதுக்கினால் பிடிவாதம், பசியில்லை, வயசாயிடுச்சு என்று பேசி முடித்துவிடுகிறோம். டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? என் மாமியாருக்கு உடம்பு இளைக்க இளைக்கப் பல்செட் ஆடத் தொடங்கியது. அது உரசி உரசிக் கீழ் ஈறில் புண். அவர் யாரிடமும் சொல்லவில்லை, மெல்ல வேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நீராக இருப்பதை மட்டும் குடித்தார், எடை இன்னும் இறங்கியது, செட் இன்னும் ஆடியது. அதைக் கழற்றிப் பார்த்தபோது முந்தின வேளைச் சாப்பாடு அடியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பல் மருத்துவர் செட்டை ஈறுக்குப் பொருந்தும்படி சரிசெய்து கொடுத்து, புண்ணும் ஆறிய பிறகு அவர் பழையபடி மென்று சாப்பிட்டார். டானிக் எதுவும் தேவைப்படவில்லை.

விழுங்குவதும் தசை செய்கிற வேலைதான். சாப்பாடு குறைந்தால் கை கால் மட்டுமா மெலிகிறது, நாக்கும் தொண்டையும் சேர்ந்தே பலம் இழக்கின்றன, அப்புறம் விழுங்குவது இன்னும் கஷ்டமாகி, சாப்பாடு இன்னும் குறைகிறது. இந்தச் சுழலில் சிக்கியவரிடம் "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்ட பிறகு குரல் சளி கட்டியதுபோல் கொழகொழப்பது, கவளத்தைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்வது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பைவிட மிக அதிக நேரம் எடுப்பது, அடிக்கடி வரும் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் சொல்லி, விழுங்குதலைப் பரிசோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். பேச்சுக்கு மட்டும்தான் அவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொன்று, புரையேறினால் இருமல் வந்தே தீரும் என்றும் நம்பக் கூடாது. நரம்பு பலவீனப்பட்டவர்களுக்கு உணவோ எச்சிலோ சத்தமே இல்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அப்படிப் போகும்போது வாய் சுத்தமாக இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம். பல் இடுக்கிலும் நாக்கிலும் படிந்த கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கித்தான் பலருக்கு நிமோனியா வருகிறது. அமெரிக்காவில் சூசன் லாங்மோர் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், விழுங்கும் கோளாறு மட்டும் இருந்தால் பெரும்பாலும் நிமோனியா வருவதில்லை, ஊட்டிவிடவும் பல் துலக்கிவிடவும் பிறரை நம்பியிருப்பதும் சொத்தைப் பற்களும் அதைவிட முக்கியமான காரணங்கள் என்று தெரிந்தது. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் நடந்து 1999-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது: வாய்ப் பராமரிப்பு கிடைத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, கிடைக்காதவர்களில் 19 சதவீதம். பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும் செய்த வேலை இது! இதை அழகுக்கும் வாய் நாற்றத்துக்கும் செய்கிற காரியமாக நினைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டியூப் வழியாக உணவு போகிறவருக்கு வாயைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. உண்மை நேர்மாறானது. மெல்லாத வாயில் எச்சில் ஊறுவது குறைந்து, அண்ணத்தில் பொருக்குப் பொருக்காகக் காய்ந்து ஒட்டும், கிருமி அதில்தான் பெருகும். பல்லே இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் ஈரத் துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ துடைக்க வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். 85 வயதைத் தாண்டியவர்களிடம் ஜப்பானில் செய்த ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது.

மாத்திரைகளையும் விட்டுவிட முடியாது. அலர்ஜி, மன அழுத்தம், சிறுநீர்ப் பிரச்சினை போன்றவற்றுக்குத் தரும் பல மருந்துகள் வாயை வறளவைக்கும். விழுங்க முடியவில்லை என்று எல்லாவற்றையும் பொடித்துக் கொடுக்கிறார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடும். மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அதேபோல் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கும் முடிவையும் நாமாக எடுக்கக் கூடாது. சிலருக்கு அது உதவும், ஆனால் பிடிக்காமல் குடிப்பதையே குறைத்துக்கொண்டு நீர்ச்சத்து வற்றிப்போனவர்களும் உண்டு.

சரி, என் வேண்டுகோள் இதுதான். முதியோர் பற்றி அடுத்து எழுதும்போது ஒரு பல் மருத்துவரையும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டையும் எழுதச் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவரை எப்படி நிமிர்த்தி உட்காரவைப்பது, புரையேறாமல் எப்படிப் பல் துலக்கிவிடுவது, வாயைத் திறக்க மறுப்பவரிடம் என்ன செய்வது என்பதையெல்லாம் படத்தோடு போடுங்கள், வெட்டி எடுத்துக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவைக்கிற மாதிரி ஒரே பக்கத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி