செயலாளர் அறிக்கை 2024: யானை வாசலும் வராத சந்தாவும்

தலைவர், பொருளாளர், நிர்வாகசபையினர், அங்கத்தவர்கள், பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொப்பன்ஹேகனில் கொம்பியூட்டரில் நகரம் கட்டி விளையாடும் நம் கழகத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல் நடந்தது. சிறுவர்களுக்கான நகரமைப்புப் போட்டி நடந்து பரிசும் கொடுத்தோம். கோடைச் சுற்றுலா மழையால் கைவிடப்பட்டது. நிர்வாகசபைக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. கோரம், அதாவது போதிய ஆள் எண்ணிக்கை, இருந்த கூட்டங்களில் தீர்மானங்களும் எடுக்கப்பட்டன.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில், நாம் வாழும் இந்த நகரத்தின் ஒரு பழைய கட்டடத்தை 'சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்' என்ற நகரம் கட்டும் விளையாட்டுக்குள் மாடலாகக் கொண்டுவர வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். தேர்ந்தெடுத்தது வால்பியில் உள்ள கார்ல்ஸ்பேர்க் பியர் ஆலையின் யானை வாசல். அன்று கை உயர்த்தியவர்களின் பட்டியல் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. வேலை தொடங்கிய பிறகு யார் யார் இருந்தார்கள் என்பதும் என்னிடம் குறிப்பாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புவோர் கேட்டால் தருகிறேன்.

பிள்ளைகள் வந்து போகும் கழகத்தில் பியர்க் கம்பனியைக் கட்டலாமா என்று ஒரு பெற்றோர் எழுத்து மூலம் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், அதனால் இங்கேயே பதில் சொல்கிறேன். ஜே. சி. ஜேக்கப்சன் 1847இல் இந்த ஆலையைத் தொடங்கி, மகன் கார்லின் பெயரையே அதற்கு வைத்தார். 1875இல் அங்கே ஓர் ஆய்வுகூடத்தையும் அமைத்தார். 1883இல் ஆய்வாளர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பியரைப் புளிக்கவைக்கும் ஒற்றை ஈஸ்ட் கலத்திலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தது அந்த ஆய்வுகூடத்தில்தான். அதை இரகசியமாகப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படிக்கும்போது வருகிற பிஎச் அளவு, 1909இல் அங்கே வேலை செய்த சோரன்சன் கொடுத்தது. விருந்தாளி வந்தால் நாம் எல்லோரும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் குட்டிக் கடற்கன்னி சிலையும் மகன் கார்ல் 1913இல் நகரத்துக்குக் கொடுத்ததுதான். அந்த வளாகத்தில் இப்போது பெரிய அளவில் பியர் காய்ச்சுவதும் இல்லை. 2008இல் உற்பத்தியை பிரெடரீசியா நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். விளையாட்டுக்குள்ளும் ஒரு சொட்டுப் பியர் கிடையாது. வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் ஆலை, விளையாட்டுக்குத் தனியாக வாங்கும் 'இண்டஸ்ட்ரீஸ்' கூடுதல் இணைப்பில் வரும் லெமனேட் தொழிற்சாலை. இத்துடன் அந்தப் பெற்றோர் திருப்தி அடைந்திருப்பார் என்று நம்புகிறேன். பிள்ளையின் சந்தா இன்னும் வரவில்லை.

இந்த ஆலையின் கதையில் நம்மவர்களுக்குப் பழக்கமான ஒரு பகுதியும் உண்டு. எவ்வளவு காய்ச்சுவது, எத்தனை காலம் நிலவறையில் வைப்பது என்பதில் அப்பாவுக்கும் மகனுக்கும் முறுகல் வந்து, பழைய கார்ல்ஸ்பேர்க், புதிய கார்ல்ஸ்பேர்க் என்று அருகருகே இரண்டு ஆலைகள் ஆகிவிட்டன. ஒரே ஊரில் இரண்டு சங்கம், இரண்டு ஆண்டுவிழா பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் 1906இல் ஒன்றாகிவிட்டார்கள்.

யானை வாசல் மகன் கார்லின் ஆலைக்கு உரியது. கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் டாலரப், கட்டிய ஆண்டு 1901. வாசலின் மேல் உள்ள கோபுரத்தைப் பொர்ன்ஹோல்ம் தீவின் கருங்கல்லில் செதுக்கிய நான்கு யானைகள் முதுகில் தாங்குகின்றன. ரோமில் சிற்பி பெர்னினி வடிவமைத்த, தூணைச் சுமக்கும் யானைச் சிலைதான் இந்த யோசனைக்கு மூலம். 'தாய்நாட்டுக்காக உழைப்போம்' என்று வாசலில் இலத்தீனில் எழுதியிருக்கிறது. நம் கழகக் கடிதத் தலைப்பில் ஒரு வாசகம் போடுவதற்கே மூன்று கருத்து வந்தது நினைவிருக்கும்.

இந்த வாசல் வீதியோரத்தில் நிற்கவில்லை, வீதிக்கு மேலேயே நிற்கிறது. வண்டிகள் யானைகளுக்கு நடுவால் போகும். விளையாட்டுக்கு இது ஒத்துவராது. 8 மீட்டர் சதுரக் கட்டங்களில், வீதியோரமாக ஒட்டி வைப்பதுதான் அதற்குத் தெரிந்த கட்டடம். வீதியின் மேல் வைத்தால் ஏற்காது. 'வாசலை ஓரமாகத் தள்ளி வைத்தால் என்ன' என்று நிர்வாகசபையில் ஒருவர் கேட்டார். ஓரமாக வைத்தால் அது வாசல் அல்ல என்று பதில் சொன்னேன்; அது குறிப்பில் பதியப்படவில்லை. கடைசியில் இடது, வலது என்று இரண்டு தனிக் கட்டடங்களாகப் பிரித்து, நடுவில் உள்ள வளைவையும் கோபுரத்தையும் தனிப் பொருளாக ஆக்கி, மோட் எனப்படும், ஆட்டக்காரர்கள் செய்த துணை நிரலின் உதவியுடன் இடத்தில் பொருத்தினோம். தூரத்திலிருந்து பார்க்கும்போது கோபுரம் காணாமல் போய் யானைகள் மட்டும் நின்றன. அதையும் சரிசெய்தாயிற்று.

யானைகளின் கதை வேறு. தும்பிக்கை எப்படி மடிய வேண்டும், காது எவ்வளவு பெரிது என்று வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கருத்து. நல்லூரில் பார்த்த யானை, கண்டிப் பெரஹராவில் பார்த்த யானை எல்லாம் வந்து போயின. மாடல் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். யானையைப் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் நுணுக்கமாகச் செதுக்கினால், மாடலை ஆக்கும் முக்கோணங்கள் பெருகி விளையாட்டு திணறும். ஆகவே நுணுக்கமான யானையின் மடிப்புகளை எல்லாம், தட்டையான பரப்பில் மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் நார்மல் மேப் படத்தில் பதித்து, அதை ஓர் எளிய யானையின் மேல் போர்த்த வேண்டும். பிறகு தூரப் பார்வைக்கு இன்னும் எளிய யானை ஒன்று. அதை நாம் கொடுக்காவிட்டால் விளையாட்டே ஒன்றைச் செய்துகொள்ளும். அது யானை மாதிரி இருக்காது. கல்லின் நிறத்துக்காக எல்லாப் பக்கமும் படம் எடுத்துத் தரும்படி கேட்டிருந்தேன். கார்ல்ஸ்பேர்க் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான். எனக்கு வந்த படங்களில் பாதியில் யானைக்கு முன்னால் அங்கத்தவரின் குடும்பம் நின்றது.

சுவஸ்திகா விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். யானைகளின் மேல் சுவஸ்திகா செதுக்கியிருக்கிறது. நாஜிக் கட்சி அதைக் கொடியில் போட்டது 1920இல். வாசல் அதற்கு முன்பே வந்துவிட்டது. அன்று அது நல்ல சகுன அடையாளம், ஆலையின் வணிகச் சின்னமாகவும் இருந்தது. நம் பக்கத்துக் கோயில்களிலும் பார்க்கிற அடையாளம்தான். ஆனால் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வேறு எதையோ நினைவூட்டும், ஜெர்மனியில் இருந்து தரவிறக்குபவருக்கும் சிக்கல். உள்ளதை உள்ளபடி செய்வதே என் நிலைப்பாடு. பெரும்பான்மை வேறு விதமாக நினைத்ததால், பொதுவில் ஏற்றியதில் அந்த இடம் வெறும் கல்லாக இருக்கிறது. அசல் படி கழகத்தின் கணினியில் பாதுகாப்பாக உள்ளது.

2023 ஒக்டோபரில் வந்த, இதே விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு ஏன் செய்யவில்லை என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். நாமே செய்த கட்டடத்தை அதற்குள் ஏற்றும் வசதி 2024 முடியும்வரை வரவில்லை. இதைக் குழுவில் பலமுறை சொல்லிவிட்டேன்.

ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தில் ஏற்றிய மாடலை எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் எடுத்துத் தங்கள் நகரங்களில் வைக்கிறார்கள், நன்றியும் எழுதுகிறார்கள். நம் அங்கத்தவர்கள் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கணக்கு விபரம். வரவு பெரும்பாலும் சந்தாவும் பொங்கல் ஒன்றுகூடலின் சிற்றுண்டி விற்பனையும். செலவு மண்டப வாடகை, பரிசுகள், மென்பொருள் இணைப்புகள், தேநீர். ஆண்டு முடிவில் கையிருப்பு சிறிதளவு உண்டு. விபரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவர் இன்று வேலை நிமித்தம் வரவில்லை. சந்தா நிலுவை இரண்டு வருடத்துக்கு மேல் போனவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை. நிலுவை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

மண்டபம் தந்த நிர்வாகத்தினருக்கும், வடை சுட்டுத் தந்த அக்காமாருக்கும், மேசை கதிரை அடுக்கிய தம்பிமாருக்கும், தலைவருக்கும் நன்றி. கோபுரத்தின் செங்கல் வேலையைக் கடைசிவரை நின்று முடித்துத் தந்த இரண்டு மாணவர்களுக்கு நன்றி தனியாக. அவர்கள் இருவரும் சந்தாவும் கட்டியவர்கள்.

அடுத்த ஆண்டு. அதே வளாகத்தில் 1900இல் கட்டிய முறுக்குப் புகைபோக்கி இருக்கிறது. ஆலைப் புகைபோக்கியும் அழகாக இருக்கலாம் என்று காட்டுவதற்காகவே கட்டியது. அடிப்பகுதி வேலையைத் தொடங்கிவிட்டேன். அதற்கு அப்பால் 1892இன் இரட்டை வாசல் டிப்பிலோன்; அதன் அடியாலும் வீதி போகிறது என்பதைக் கவனிக்கவும். இரண்டையும் செய்ய பிளெண்டர் தெரிந்தவர் ஒருவரும், வார இறுதியில் வரக்கூடியவர் இரண்டு மூன்று பேரும் போதும். கழகத்தின் கணினி பழையதாகிவிட்டது, நினைவகம் கூட்டாமல் புகைபோக்கி முழுதாகத் திறக்காது. செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றுக்கொண்டால் சந்தோஷமாகக் கையளிப்பேன். சென்ற ஆண்டும் இதைச் சொன்னேன், அதற்கு முந்திய ஆண்டும் சொன்னேன். ஒருவரும் முன்வராவிட்டால் தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்றக் கோப்புகள் எல்லாம் என் கணினியில்தான் இருக்கின்றன என்பதையும் சபை கவனத்தில் எடுக்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டு. சந்தாப் புத்தகம் தேநீர் மேசையிலேயே இருக்கும், மொபைல் பே மூலமும் செலுத்தலாம்.

செயலாளர்