தோண்டுவதற்கு முன்னால் கேட்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு மூட்டுவலி இருந்தாலும் காலையில் கண்மாய்க்கரை வரை நடந்துவிட்டு வந்துதான் காபி குடிக்கிறார். அன்றைக்குப் போனில் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது, எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேச்சு பாதியில் நின்றுபோனது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாச்சி ஊர்ப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டப் போவதை ஜனங்கள் எதிர்க்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு, "ஆராய்ச்சிக் கிணறுதானேம்மா, எண்ணெய் இருக்கா இல்லையான்னு பார்க்கத்தானே தோண்டுறாங்க. விவரம் தெரியாம எதிர்க்கிறாங்க" என்றாய். நீ குவைத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் நிற்கிறவன். துளை எப்படி இறங்கும், சுற்றிலும் இரும்புக் குழாயை இறக்கி எப்படிச் சிமெண்ட் ஊற்றுவார்கள் என்று போன லீவில் அப்பாவுக்கு நோட்டில் படம் போட்டுக் காட்டினாய். உன் வேலையை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அக்கா கல்யாணம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. நம் வீட்டு அடுப்பில் எரிவதும் கேஸ்தான். ஆனால் அந்த ஜனங்களுக்கு விவரம் தெரியாது என்று நீ சொன்னதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

விவரத்தை யார் அவர்களிடம் சொன்னார்கள்? ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் 20 கிணறுகள் தோண்ட மத்திய அரசின் எண்ணெய்க் கம்பெனியான ஓ.என்.ஜி.சி.க்கு 2025 மார்ச்சிலேயே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் பேப்பரில் வந்த பிறகுதான் அம்மாச்சி ஊரிலேயே இருக்கிற மாமாவுக்கே தெரியும். எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்களிடம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியை மாற்றி வைத்திருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் போர் போட்டாலே நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போடுவார். 2000, 3000 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுகிறவர்கள் ஊரைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

துளைக்குள் நடப்பது உனக்குத் தெரியும். நான் சொல்வது தரைக்கு மேலே நடப்பது. நீ வேலை பார்க்கிற இடம் பாலைவனம். ரிக்குக்கு மேடை கட்டினால் எந்தத் தண்ணீரும் மறிபடாது. ராமநாதபுரம் பக்கம் அம்மாச்சி ஊர் அப்படியா? தட்டையான பூமி. மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து ஒரு கண்மாய் நிறைந்து, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்தக் காட்டில் கிராவல் கொட்டி மேடாக்கி, லாரி போக ரோடு போட்டால் எந்த வரத்துக்கால் அடைபடும், எந்த ஊர்க் கண்மாய் காயும் என்று அங்கே ஆடு மேய்க்கிற பெரியவருக்குத் தெரியும். சென்னையில் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாது. துளை போடும்போது வருகிற சேற்றுக்குழம்பும் கழிவும் நிற்கிற குழி ஐப்பசி மழையில் வழிந்தால் அது ஒரு ஊரோடு நிற்காது.

அந்த ஊரில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். குடிக்க ஊருணிதான். கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள், ஆடு மாடு இறங்காதபடி முள் அடைத்திருப்பார்கள். அம்மாச்சி பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை வட்டமாக உரசி, கலங்கல் அடியில் படிகிற வரை யாரையும் தொட விடமாட்டார். அவசரப்பட்டு நீ டம்ளரை விட்டு மோந்து அடி வாங்கியிருக்கிறாய். தண்ணீரை அப்படிக் காத்துக் குடித்தவர்கள் பயந்தால் அது அறியாமை இல்லை, தம்பி. அவர்களுக்கு மாற்றுத் தண்ணீர் இல்லை. மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைத்து, முண்டு மிளகாய் போட்டுப் பிழைக்கிற ஊர் அது. அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்ததும் அரசாங்கம்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் கதிராமங்கலத்தை மறந்துவிட்டாயா? 2017 ஜூன் 30ஆம் தேதி வயலுக்குள் போன குழாயில் எண்ணெய் கசிந்தது. கேட்கப் போன ஜனங்கள் மீது தடியடி நடந்தது. அதே வருஷம் பிப்ரவரி 15இல் புதுக்கோட்டைப் பக்கம் நெடுவாசலுக்கு, எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற ஹைட்ரோகார்பன் திட்டம் என்று டெல்லியில் முடிவெடுத்தார்கள். மறுநாளே ஊர் உட்கார்ந்துவிட்டது. பெண்கள் ஒப்பாரி வைத்துத் தங்கள் மறுப்பைச் சொன்னார்கள். அந்தப் போராட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் 2020இல், புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டத் தடை போடுகிற வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தன. ஆனால் அது டெல்டாவோடு நிற்கிறது. புதுக்கோட்டையில் ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்கள் வரை உண்டு, அதைத் தாண்டித் தெற்கே ராமநாதபுரத்துக்குள் கால் வைத்தால் இல்லை. அந்தப் பக்கம் விளைவதும் நெல், இந்தப் பக்கம் விளைவதும் நெல். கிணறுகளை அனுமதிக்க மாட்டோம் என்று அமைச்சர் தங்கம் தென்னரசு 2025 ஆகஸ்டில் சொன்னது நல்ல வார்த்தை. அது சட்டமாகவும் வர வேண்டும் என்பது என் எண்ணம். ஆட்சி மாறினால் வார்த்தையும் மாறும்.

நம்ம மேலூர்ப் பக்கம் நடந்ததும் இதுதானே. அங்கே எண்ணெய், இங்கே டங்ஸ்டன் சுரங்கம். 2024 நவம்பரில் ஏலம் முடிந்த பிறகுதான் ஐயாயிரம் ஏக்கர் என்று நமக்குத் தெரிந்தது. 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த அரிட்டாபட்டியையும் அதற்குள் வைத்திருந்தார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பரில் சட்டசபையும் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூரில் கடையெல்லாம் அடைத்துவிட்டு, நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரை ஜனம் நடந்தது. நானும் நடந்தேன், உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு பெண் மோர் சொம்போடு நின்று, குடித்தவர்களிடம் எந்த ஊர் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரும் ஊர்ப்பெயரைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 23ஆம் தேதி ஏலம் ரத்து என்று டெல்லியிலிருந்து செய்தி வந்தது. அப்பா அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, திண்ணையில் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் 2ஆம் தேதி மாமா ஊரில் கிராம சபை. எதிர்த்துத் தீர்மானம் போடப் போகிறார்கள். அதற்கு உன் உதவி வேண்டும். ஒரு கிணறு தோண்ட எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள்? அந்தக் கழிவு எங்கே போகும்? சிமெண்ட் விரிசல் விட்டால் மேல்மட்டத் தண்ணீருக்கு என்ன ஆகும்? எண்ணெய் இல்லை என்று மூடிவிட்டுப் போன கிணற்றை இருபது வருஷம் கழித்து யார் வந்து பார்ப்பார்கள்? உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது. பயப்பட வேண்டாதது எது என்று இருந்தால் அதையும் எழுது, அதைக் கேட்டுக்கொள்ளும் பக்குவம் அவர்களுக்கு உண்டு. இங்கிலீஷ் பேர் வருகிற இடத்தில் படம் போட்டுவிடு. செப்டம்பர் கடைசிக்குள் மாமா வாட்ஸ்அப்புக்கு வந்துவிட வேண்டும். பெரிய எழுத்தாக எழுது, மாமாவுக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரிவதில்லை, சபையில் அவர்தான் சத்தமாகப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா