செயலாளர் ஆண்டறிக்கை: ஏரியைச் சொல்லுங்கள், கூட்டைச் சொல்லாதீர்கள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஜனவரி 15 முதல் 18 வரை நடந்த பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த ஆண்டும் கலந்துகொண்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏரி நடை, மழை மாதங்கள் தவிர, தொடர்ந்து நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இனி நம்மை இந்த ஆண்டு அலைக்கழித்த விஷயம்: பறவை இருக்கும் இடம் இணையத்தில் பரவுவது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏரிக்கரையில் நின்றால் நாமும் மீன் குத்தகைக்காரரின் ஆட்களும்தான் இருப்போம். இப்போது விடிவதற்கு முன்பே மதகு வரை கார்கள் நிற்கின்றன, மாடு ஓட்டிப்போக வழியில்லை என்று விவசாயிகள் நம்மிடம்தான் வந்து சத்தம் போடுகிறார்கள், அவர்கள் கேட்பது நியாயமும்கூட. ஒருவர் அரிய பறவை ஒன்றைப் பார்த்து, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் அது கொஞ்ச நேரத்தில் பலருடைய மின்னஞ்சலுக்குப் போய்விடுகிறது, அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார், கூடவே கூகுள் மேப் பின், அப்புறம் ரீல்ஸ். அடுத்த சனிக்கிழமை பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

ஏரிக்கு ஆள் வருவதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏரி பொது இடம், பூநாரை வந்தால் எல்லோரும் பார்க்கட்டும். ட்ரோன் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தலைக்கு மேல் வந்ததும் கூழைக்கடாக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் போய் அன்று முழுக்கத் திரும்பவில்லை.

ஆனால் கூடு வேறு. கரட்டில், அதாவது பாறைக் குன்றில் இருக்கும் கொம்பன் ஆந்தையை உங்களில் பலருக்குத் தெரியும். அது கூடு கட்டாது, பாறை இடுக்கில் வெறும் மண்ணிலேயே முட்டையிடும், தொந்தரவு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வரும். இந்த முறை குஞ்சு பொரித்த வாரத்திலேயே இடம் வெளியே போய்விட்டது. ஆடு மேய்க்கும் அண்ணன் சொல்லி நாங்கள் போய்ப் பார்த்தபோது, பாறைக்கு முன்னால் மறைப்பாக நின்ற முள்செடியை யாரோ அரிவாளால் வெட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள், படம் தெளிவாக விழ வேண்டுமாம். நிழல் போய், உச்சி வெயில் நேராகக் குஞ்சுகள் மேல் அடித்தது. எதிரே மூன்று டிரைபாட், ஒருவர் போனில் ஆந்தைக் குரலைப் போட்டுக்கொண்டிருந்தார். தாய் தூரத்துப் பனையில் உட்கார்ந்திருக்க, காக்கைகள் அதைச் சுற்றிக் கத்தின. வெட்டிய முள்ளையே எடுத்து அங்கேயே நட்டுவைத்துவிட்டு, வந்தவர்களிடம் பேசி அனுப்பினோம். இரண்டு குஞ்சுகளில் ஒன்றுதான் பறந்தது.

1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. கேமராதானே வைத்திருக்கிறோம் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், சண்டையாக இல்லாமல் தகவலாக.

செயற்குழுவில் இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, யாரோ இடம் சொன்னதால்தானே நாங்கள் இந்தப் பக்கமே வந்தோம், இப்போது மூடி வைத்தால் பழைய ஆட்களுக்கு மட்டுமா பறவை?" அவர் கேட்டது சரி. பதிவே போடாமல் இருப்பதும் ஆபத்து. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சுமார் 30,000 பேர் ஏற்றிய பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. எங்கே எது குறைகிறது என்று தெரிவதே நம்மைப் போன்றவர்கள் ஏற்றும் செக்லிஸ்ட்டால்தான், அதாவது பார்த்த பறவைகளின் பட்டியலால்தான். நாளைக்கு நம் ஏரியில் குப்பை கொட்ட வந்தால் கையில் காட்ட அந்தப் பட்டியல்தான் இருக்கும்.

அதனால் இரவு வெகுநேரம் பேசி எடுத்த முடிவு இதுதான்: ஏரிப் பதிவு எப்போதும் போல உடனே ஏற்றலாம். கூடு, குஞ்சு, பகலில் அடையும் ஆந்தை என்றால் செக்லிஸ்ட்டை மறைத்து வைத்து, பறவை இடத்தை விட்டுப் போனபின் திறக்க வேண்டும், அந்த வசதி இ-பேர்டிலேயே இருக்கிறது. நம் குழுவில் பறவைக் கூட்டின் படமும் மேப் பின்னும் கிடையாது, ஆண்டு விழாப் புகைப்படப் போட்டியிலும் பறவைக் கூட்டின் படங்கள் சேராது. புதியவர்களுக்கு இடம் காட்டுவது நம் பொறுப்பு, நேரில் கூட்டிப்போவோம்.

கரையில் கார் நிற்காமலிருக்க மதகுக்கு முன்பே தடுப்பு வைக்க ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. விவசாயிகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகப் பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, ஊர் நினைத்தால் நடக்கும்.

கார்த்திகை முதல் பங்குனி வரை சனி, ஞாயிறு காலைகளில் கரட்டடியில் இரண்டிரண்டு பேராக நிற்க ஆள் வேண்டும். வார நாட்களில் பார்த்துக்கொள்வதாக ஆடு மேய்க்கும் அண்ணன் சொல்லிவிட்டார். வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்