வீராணத்தில் தண்ணீர் எவ்வளவு, வண்டல் எவ்வளவு?

ஆசிரியருக்கு,

2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் எல்லாம் வறண்டு கிடந்தபோதும் சென்னைக்குத் தண்ணீர் அனுப்பியது எங்கள் வீராணம் ஏரி. அனுப்பட்டும், குடிக்கிற தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் ஏரி முழுக் கொள்ளளவான 47.5 அடியை எட்டியது என்று செய்தி போடும்போது அதில் வண்டல் எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மேட்டூரில் திறப்பு குறைந்தால் கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து ஏரிக்கு நீர் கொண்டுவரும் வடவாற்றுக்கு வருவதும் குறையும், முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை வயல்களின் சம்பா நெல்தான். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்களே, அதை இரண்டு மடங்காக்கி ஏரியின் சுமையைக் குறைத்தால் என்ன? அப்புறம், கோடையில் ஏரியைத் துடைத்து எடுக்காமல் மீனுக்கும் நாரைக்கும் கொஞ்சம் விட்டுவையுங்கள். தூர்வாரும் மண்ணை நாங்களே வயலுக்கு அள்ளிக்கொள்கிறோம், அனுமதியை மட்டும் மழைக்கு முன்னால் கொடுங்கள்.

ஒரு விவசாயி,
காட்டுமன்னார்கோவில்