வீட்டு சர்வரும் உப்புக்காற்றும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சித்திரை பிறந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்களும் போனில் அழைக்கிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "ஹார்டு டிஸ்க் 44 டிகிரி காட்டுது, இன்னும் ரெண்டு ஃபேன் போட்டுத் தர்றீங்களா?" வீட்டு சர்வர் என்பது படங்களையும் கோப்புகளையும் சேர்த்து வைக்கும், ஹார்டு டிஸ்குகள் மாட்டிய கணினிப் பெட்டி. கீழக்கரையில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பகிரக் குடும்பப் படங்களை அதில் சேர்த்து வைத்திருப்பவர்கள், ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துகிறவர்கள், உச்சிப்புளி ஸ்டுடியோக்காரர்கள் என்று பலருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறோம். ஃபேன் விற்பது எங்கள் தொழில். ஆனாலும் உங்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்னொரு ஃபேன் தேவையில்லை. கடலோர வீடுகளில் அது கெடுதல்கூடச் செய்யும்.

முதலில் சூட்டைப் பார்ப்போம். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று ஓடும்போது ஏறக்குறைய 5 முதல் 8 வாட் மின்சாரம் எடுக்கும். அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள காற்று எடுத்துப் போக வேண்டும். அறையே 36 டிகிரியில் இருந்தால், எத்தனை ஃபேன் சுழன்றாலும் டிஸ்க் 36-க்குக் கீழே இறங்காது. அக்னி நட்சத்திர மதியத்தில் 42, 44 என்று காட்டுவது நம் ஊருக்கு இயல்பு. தயாரிப்பாளர்களே பெரும்பாலான டிஸ்குகளுக்கு 60 டிகிரி வரை அனுமதி தருகிறார்கள். 45 வரை கவலை வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. 50-ஐத் தொட்டால் பெட்டியைத் திறந்து காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும். 55 தாண்டினால் முதலில் நிறுத்துங்கள், பிறகு காரணம் தேடலாம்.

கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மிதமான சூட்டில் ஓடியவை அதிகம் கெடவில்லை. மிகவும் குளிர்ந்த நிலையில் ஓடியவைதான் கூடுதலாகக் கெட்டிருந்தன. சூடு மிக உயர்ந்தபோது, அதிலும் மூன்று வருடம் ஓடிய பழைய டிஸ்குகளில்தான், வெப்பத்தின் தீமை தெளிவாகத் தெரிந்தது. 44-ஐ 36 ஆக்க மெனக்கெட வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உப்பு. மண்டபத்துக் கடற்காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்தி வைத்து, அரிப்பு எவ்வளவு என்று காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நிறுவனத்தார் அளந்திருக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில்வே நூறு வருடத்துக்கும் மேலாகத் துருவோடு போராடியதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அதே காற்றைத்தான் உங்கள் சர்வர் ஃபேன் உள்ளே இழுக்கிறது. வேகமாகச் சுழலும் ஒவ்வொரு ஃபேனும் டிஸ்கின் மீது கூடுதல் உப்பைப் படிய வைக்கிறது. சாதாரண ஃபில்டர் வலை மணலையும் தூசியையும் தடுக்கும். நுண்ணிய உப்புத் துகள் அதைத் தாண்டி உள்ளே போய்விடும்.

படிந்த உப்பு காய்ந்திருக்கும்வரை பெரிதாக எதுவும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அது தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து உப்புநீராகிவிடும். நம் கடற்கரையில் இரவு நேரங்களில் அந்த அளவு சுலபமாகத் தாண்டும். அப்போதுதான் கேபிள் முனைகள், மின்பலகையின் அடியில் டிஸ்கின் உள்பகுதியைத் தொடும் சிறு புள்ளிகள், ஃபேனின் பேரிங் எல்லாம் அரிக்கத் தொடங்கும்.

இந்த இடத்தில் டிஸ்கின் சூடே நமக்கு உதவுகிறது. 28 டிகிரியில் 85 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, ஓடும் டிஸ்கின் பக்கத்தில் 36 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் 54 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். உப்பு காய்ந்தே கிடக்கும். ஆகவே இரவில் சர்வரை அணைத்து வைக்காதீர்கள். கரண்ட் செலவை நினைத்துத் தினமும் பத்து மணிக்கு அணைத்துக் காலையில் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். உள்நாட்டு ஊர்களில் அது சரியாக இருக்கலாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டுக்குச் சரிவராது.

ஏசி அறையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏசி ஈரத்தை எடுப்பது உண்மை, நல்லதும்கூட. ஆனால் வெளியே 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரமும் இருக்கும்போது, 26 டிகிரிக்குக் குறைவாக உள்ள எந்தப் பொருள் மீதும் நீர் கோர்க்கும். 22-இல் ஏசி ஓடிய அறையில் அணைந்து கிடந்த பெட்டி, காலையில் ஜன்னலைத் திறந்ததும் மோர்ச் சொம்பு மாதிரி வியர்த்துவிடும். அந்த நிலையில் சுவிட்சைப் போடவே கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

எங்கே வைப்பது? கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டாம். மொட்டை மாடிக் கான்கிரீட்டுக்கு அடியில் உள்ள பரணும் வேண்டாம், அந்தத் தளம் இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கும். உள்ளறையில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். கதவு மூடிய மர அலமாரி காற்றை அடைத்துவிடும். முன்பக்கம் ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன், மெதுவான வேகத்தில், டிஸ்குகளின் மீது நேராகப் படும்படி இருந்தால் போதும். பலர் வீட்டில் காற்று குறைவாக இல்லை, டிஸ்கைத் தொடாமல் பக்கத்துக் காலி இடுக்கு வழியாக ஓடிவிடுகிறது. காலியான டிஸ்க் தட்டுகளைப் பிளாஸ்டிக் தகட்டால் மூடுங்கள் (அட்டை வேண்டாம், ஈரத்தைக் குடிக்கும்). நாலு தட்டுப் பெட்டியில் இரண்டே டிஸ்க் இருந்தால் நடுவில் ஒரு தட்டு விட்டு மாட்டுங்கள். இதற்குச் செலவே இல்லை. புது ஃபேன் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள், குடிக்கிற தண்ணீரில். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் உப்பை நாமே ஏற்றிக் கொடுத்ததாகும்.

டிஸ்கின் மேல்மூடியில் "மூடக்கூடாது" என்று எழுதிய சிறு துளை ஒன்று இருக்கும். உப்பு புகும் என்று பயந்து அதன் மேல் டேப் ஒட்டாதீர்கள். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்த துளை அது, உள்பக்கம் ஃபில்டர் உண்டு. ஹீலியம் நிரப்பிய பெரிய டிஸ்குகளில் இந்தத் துளை கிடையாது.

வெப்ப எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) இன்னும் சில வரிகளையும் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற மென்பொருள்கள் இதைக் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. 194 என்பது வெப்பம். 5 அல்லது 197-இல் உள்ள கணக்கு ஏறினால் டிஸ்கின் உள்ளே தரவு பதியும் பரப்பிலேயே கோளாறு, உடனே நகல் எடுங்கள். 199 ஏறினால் பெரும்பாலும் கேபிளிலோ அதன் முனையிலோதான் கோளாறு. நம் பகுதியில் இந்த 199-ஐத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். கேபிளை மாற்றி, முனையைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்தால் நல்ல டிஸ்க் பல பிழைத்துக்கொள்ளும். அந்த எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றாலே போதும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே எதையும் அங்கே அடிக்க வேண்டாம்.

ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பும் முன் ஒருமுறை பெட்டியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். கேபிள் முனைகளைப் பார்த்து, துடைத்துத் தருகிறோம். முறையாக ஷட்டவுன் செய்து, டிஸ்க் முழுதும் நின்ற பிறகு தூக்குங்கள். பைக்கில் வருவதானால் டிஸ்குகளைத் தனியே கழற்றி, பழைய துண்டில் சுற்றி, எந்தத் தட்டில் எது இருந்தது என்று எண் எழுதி எடுத்து வாருங்கள். வரும்போதே தரவுக்கு இன்னொரு நகல் வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் எங்கள் கை ஸ்க்ரூடிரைவரைத் தொடும், அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும்.

அன்புடன்,
ராமநாதபுரம் கடையிலிருந்து